கதவு வரை தனியாக

பட்டியை நான் கட்டிவிடலாம், ஆனால் தோள் கொடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் இன்றைக்கு எனக்குப் போட்டிருந்த சட்டம் இதுதான்.

சொல்லிவிட்டுப் பிசியோதெரபிப் பெண் கதவோரம் போய் நின்றுகொண்டாள். என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து, யாரையும் பிடிக்காமல், அவள் நிற்கும் இடம்வரை நடக்க வேண்டும். நடந்துவிட்டால் இனி தெருவிலும் தனியாகவே போகலாமாம். நான் நிம்மதியாக என் ஜெராக்ஸ் கடையைப் பார்த்துக்கொள்ளலாமாம்.

நான் நிம்மதியாகத்தான் இருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. கை சீக்கிரமே தேறிவிட்டது. கால்தான் வம்பு பண்ணியது. பாதம் மேலே எழும்பாமல் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது.

அதற்குத்தான் இந்தப் பட்டி. தீப்பெட்டி அளவுக்கு ஒரு மோட்டார் அதில் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாகக் கட்டிப் பொத்தானை அழுத்தினால், உர்ரென்று தசையை அதிரவைக்கும். காலில் கோளாறு இல்லை, மூளைதான் இப்படி ஒரு கால் இருப்பதை மறந்துவிட்டது, அதிரவைத்தால் ஞாபகம் வரும் என்றாள் அந்தப் பெண். சும்மா கதை விடுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பட்டி ஓடும்போது பாதம் எழும்பியது, என் கண்ணாலேயே பார்த்தேன்.

எப்படி இருக்கிறது என்று கேட்டால், பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிற மாதிரி இருக்கிறது என்பார்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் கணக்கெடுத்த மனுஷன். வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் பழகிய கால். கல்யாணமான நாளிலிருந்து வெளியே போனால் நான் பார்த்ததெல்லாம் அவர் முதுகுதான்.

ஒருமுறை துணிக்கடைக்கென்று கிளம்பி, நான் பின்னாலேயே வருகிறேன் என்ற நினைப்பில், அவர் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார். டிக்கெட் எடுக்கும்போதுதான் ஆளைக் காணோம் என்று தெரிந்ததாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். வேறென்ன செய்ய?

விழுந்து எழுந்த பிறகுதான் அவர் கை என் தோளுக்கு வந்தது.

சாயங்காலம் தெருமுனை வரை போய்வருவோம். நாங்கள் போகிற வேகத்துக்கு ஆமைகூட எங்களை முந்திவிடும். மெதுவாகப் போவதால் பேச்சு வந்தது. இந்த வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில், குனிந்து குனிந்தே இடுப்பு போச்சு என்பார். அந்தப் பச்சை கேட் வீட்டு நாய் அவரைத் துரத்தியதை இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் கேட்கிறேன். பேசும்போது அவர் மூச்சுக்காற்று என் காதில் படும். எதிரே வருகிறவர்கள் ஐயோ பாவம் என்று என்னைப் பார்ப்பார்கள். நானும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வேன்.

அவர் நடந்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத நாளில்லை. நடந்துவிட்டால் அந்தக் கை போய்விடுமே என்று பயப்படாத நாளும் இல்லை.

வழக்கமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுவேன். இன்றைக்கு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்ததால், அவருக்கு நேர் எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்தேன். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. பேன்ட்டைச் சுருட்டிப் பட்டியைக் கட்டி, பொத்தானை அழுத்தி, பேன்ட்டை இறக்கிவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லவில்லை.

எழுந்து நின்றார். ஓர் அடி வைத்தார். அடுத்த அடிக்கு இடது பாதம் எழும்பவில்லை, பழையபடி தரையைத் தேய்த்தது. இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனார். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டார், நின்றுவிட்டார். முன்னால் கதவைப் பார்க்காமல், திரும்பி என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

நான் ஓடினேன். கை தோளில் விழுந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த நிமிஷமே, நானெல்லாம் ஒரு மனைவியா என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போய்விட்டது. போன வாரம் அவ்வளவு நன்றாக எழும்பிய பாதம் இன்றைக்கு ஏன் இப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிடப் போனாள்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டியை அவிழ்க்க இடது பக்கப் பேன்ட்டைச் சுருட்டினேன்.

காலில் பட்டி இல்லை.

உர்ரென்ற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. வலது பக்கப் பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்து கட்டியதில் இடம் வலமாகிவிட்டிருந்தது. நல்ல காலில் கட்டி ஓடவிட்டிருக்கிறேன்.

பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். என்னால்தானே அவர் நடக்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த நல்ல காலில் எறும்பு ஊர்ந்தாலே உதறுகிற மனுஷனுக்கு, இவ்வளவு பெரிய அதிர்வு தெரியாமலா இருந்திருக்கும்?

கால் மாற்றிக் கட்டிவிட்டேனே, உங்களுக்குத் தெரியவில்லையா என்று மெல்லக் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கட்டும்போதே தெரிஞ்சுது. நான் சொல்லியிருந்தா தனியா நடந்திருப்பேனே."