கல்யாண பாட்டில்

"என்னடி இது, இந்தக் குளிர்ல எல்லா ஜன்னலையும் திறந்து போட்டிருக்கே?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் கணவர்.

"சும்மா, காத்து வரட்டுமேன்னுதான்," என்றாள் மனைவி. அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

பெரிய ஓட்டலில் ஒயின் பரிமாறுபவர் அவர். பாட்டிலைத் திறந்து, மோந்து, நல்லதா கெட்டதா என்று சொல்வதுதான் பிழைப்பே. பாழாய்ப்போன காய்ச்சல் ஒன்று வந்து மூக்கை மொத்தமாக முடக்கிவிட்டது. இப்போது சரியாகிவிட்டதாக ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாளை மேனேஜர் சோதித்துப் பார்ப்பார். தேறாவிட்டால் வேலை போய்விடும்.

"நம்ம கல்யாண பாட்டிலைத் திற. அதுல தேறிட்டா எதுலயும் தேறிடுவேன்."

பிரான்சில் பழைய மாளிகை ஒன்றின் திராட்சைத் தோட்டத்தில் தயாரான சிவப்பு ஒயின் அது. கல்யாணத்துக்கு முதலாளி கொடுத்த பரிசு.

"அதையா?" என்றாள் அவள்.

"பின்னே? உங்க அண்ணன் கண்ணுல இருந்து இத்தனை வருஷம் காப்பாத்தினது எதுக்காம்? போய் ஊத்திக் கொண்டா."

சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் கழித்துத்தான் கிளாஸோடு வந்தாள்.

அவர் கண்ணை மூடி, கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து ஆழமாக இழுத்தார். கத்திடுங்க, என்னைத் திட்டிடுங்க என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"அடடா! கறுத்த பிளம்ஸ் பழம்... பழைய மரப்பெட்டி வாசனை... லேசா ஈர மண்ணு! ராஜா ராஜாதான்டி!"

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"ஏய், நான்தான் தேறிட்டேனே! எதுக்கு அழறே?"

"சந்தோஷத்துலதாங்க."

"பைத்தியம்! நாளைக்கு மேனேஜர் முன்னாடியும் இப்படியே சொல்லிட்டேன்னா முடிஞ்சுது," என்று அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

அவர் கையில் இருந்தது, குழம்பில் ஊற்ற வாங்கி வைத்திருந்த மலிவு ஒயின். காலையில் அவள் கைதவறிப் போட்டு உடைத்த கல்யாண பாட்டிலின் வாசனை, எத்தனை முறை துடைத்தும் போகாமல், அவர் மூக்குக்கு மட்டும் எட்டாமல், அவரைச் சுற்றி வீடெங்கும் கமகமத்துக்கொண்டிருந்தது.