மூன்று முறை கூப்பிட்டாள்

“பேரச் சொல்லிக் கூப்பிடு கஸ்தூரி. பூசாரி அதத்தானே திருப்பித் திருப்பிச் சொன்னாரு?” என்றான் அவள் கணவன் ரூபேந்திரன்.

கஸ்தூரி, மெர்சிங் கடலோரம், பாதி மணலில் புதைந்து கிடந்த ஒரு பலகை வீட்டின் வாசலில் மஞ்சள் துணியை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணன் காளியப்பன் குடியிருந்த வீடு அது. ஆறு வருடத்துக்கு முன் மீன் பிடிக்கப் போனவரின் படகு கவிழ்ந்தது. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமல் கருமாதி எப்படிச் செய்வது என்று சொந்த ஊரான லாபிஸில் ஆளுக்கு ஒன்று சொல்ல, காரியம் அப்படியே நின்றுபோயிற்று. அண்ணன் கரைசேராமல் அலைகிறார் என்ற நினைப்பு அவளைத் தூங்க விடவில்லை.

கடைசியில் கோயில் பூசாரிதான் வழி சொன்னார். இருந்த வீட்டு வாசலில் ஒரு பிடி மண் எடுக்க வேண்டும். கூடப் பிறந்தவள் பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். மண்ணைச் சுமப்பவள் வீடு வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. மறுநாள் காரியத்தை முடித்துவிடலாம்.

வீட்டுக்கு வழி காட்டியவர் டவுனில் ரொட்டி சானாய்க் கடை வைத்திருக்கும் தங்கராஜு. போனில் இருந்த அண்ணன் படத்தை வெகு நேரம் பார்த்தார். காரியம் செய்ய வந்திருக்கிறோம் என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அந்த வீட்டுல யாரும் ரொம்ப நாள் தங்குனதில்ல லா,” என்று மட்டும் சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று அவளுடைய நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

எல்லாம் சரி, அண்ணன் பேரை வாயால் சொல்வதா? பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா போன பிறகு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி அவளைப் படிக்க வைத்தவர். படிவம் நிரப்பும் இடத்தில்கூட அவர் பேரை எழுதிக் காட்டுவாளே தவிர, சொல்ல மாட்டாள். ரூபேந்திரனைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது கோபித்துக்கொண்டு லாபிஸை விட்டே போனார். அன்றைக்கு அவரை எதிர்த்து வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். பேர் மட்டும் வாயில் வரவில்லை.

“அண்ணே, வாங்க. வீட்டுக்குப் போலாம்,” என்றாள். மூன்று முறையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

“பேரு?” என்றான் ரூபேந்திரன்.

“கூப்பிடறது நான்தான்னு அவருக்குத் தெரியாதா? எனக்கு வேற எத்தன அண்ணன் இருக்காங்க?”

வீட்டுக்குள் ஒரு பலகை கிறீச்சிட்டது. காற்று என்று நினைத்துக்கொண்டு, மண்ணைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

ஜெமாலுவாங் தாண்டியதும் கார் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. பெல்ட் போடாமல் யாராவது உட்கார்ந்தால் கத்துகிற புதுக் கார். முன்னால் இருவரும் போட்டிருந்தார்கள். எரிந்த சிவப்பு விளக்கு பின் சீட்டைக் காட்டியது.

மண்ணைப் பின்னால் வைத்தாயா என்று ரூபேந்திரன் கேட்டான். மண் முடிச்சு அவள் மடியில் இருந்தது.

கஸ்தூரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “வந்துட்டாருங்க. அண்ணன் வந்துட்டாரு.”

ரூபேந்திரன் காரை ஓரம் கட்டினான். அவனைப் பிடிக்காமலே ஊரை விட்டுப் போன மனிதர். ஆனாலும் இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்து, “நல்லா சாஞ்சு உக்காருங்க மச்சான்,” என்று காலி சீட்டுக்குப் பெல்ட் மாட்டிவிட்டான். சத்தம் நின்றது. மாட்டிய பெல்ட் சீட்டோடு ஒட்டாமல், ஓர் ஆள் கனத்துக்கு முன்னால் தள்ளி நின்றதை அவன் கஸ்தூரியிடம் சொல்லவில்லை.

குளுவாங் வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். கல்யாணத்தன்று காலையில் அண்ணன் வருவார், வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். பேசிய பேச்சுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாள். அண்ணனுக்கு ஏர்கோன் ஒத்துக்கொள்ளாது என்று அதை அணைத்தாள். அணைத்த பிறகும் பிடரியில் சில்லென்றே இருந்தது. அதுகூட அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாலோவை நெருங்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். கார் ஸ்பீக்கரில் எடுத்தாள்.

“கஸ்தூரி, நான் அண்ணன் பேசறேன்மா.”

அதே குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது. ரூபேந்திரனின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

“தங்கராஜு இப்பத்தான் போன் பண்ணாரு. எனக்குக் காரியம் பண்ணப் போறியாமே? நான் இங்க எண்டாவுல நல்லாத்தான் இருக்கேன். அன்னைக்கு நீந்திக் கரையேறிட்டேன். கோவத்துல, செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்னு இருந்துட்டேன். தப்புதான்மா.”

கஸ்தூரி சிரித்தாள், அழுதாள். உயிரோடு இருக்கிறார். அண்ணன் உயிரோடு இருக்கிறார்.

“ஒண்ணு மட்டும் சொல்லு,” என்றது குரல். “அந்த வீட்டு வாசல்ல நின்னு நீ யாரையும் கூப்பிடலயே? அங்க நான் தனியா இருந்ததில்லம்மா. அதனாலதான் கரையேறியும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகல.”

பின்னால் கிளிக் என்று பெல்ட் கழன்றது. கார் மறுபடி பீப் பீப் என்று கத்தியது.

“அண்ணே…” என்றாள் கஸ்தூரி.

“என்னம்மா?” என்று ஸ்பீக்கரில் அண்ணன் கேட்டார்.

“என்னம்மா?” என்று அவள் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு குரலும் கேட்டது.