துணைப்பாடம்

"நாம யாருன்னு தெரிஞ்சுக்க நீ காலேஜுக்குப் போய்ப் படிக்கணுமா? கண்ணாடியில போய்ப் பாருடா. ஓசியிலேயே தெரியும்."

பெலியா மாவு உருண்டையைப் பலகையில் போட்டுக் கட்டையால் ஓங்கித் தேய்த்தாள். அவள் மகன் ஓமெரோ கல்லூரிப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலிலேயே நின்றான். கணக்கியல் படிக்கிறான், இரண்டாம் வருஷம். அதோடு கூட ஒரு துணைப்பாடம் எடுக்க ஆசை: அமெரிக்காவில் லத்தீனோ, ஹிஸ்பானிக் என்று அழைக்கப்படும், ஸ்பானிஷ் வழி வந்த தங்கள் மக்களைப் பற்றிய படிப்பு. அதில் ஒரு வகுப்புக்கு இந்தப் பருவமே போய்க்கொண்டிருக்கிறான்.

"இதுக்குன்னு ஒரு துறைகூடக் கிடையாதாமே?"

"பல துறை சேர்ந்ததும்மா. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் மொழி, அரசியல், பாட்டு..."

"ஓஹோ! மிச்சம் மீதியை எல்லாம் ஒரே சட்டியில போட்டுக் கிளறுறது. நானும் வாராவாரம் செய்யறேன். எனக்கு எவனும் பட்டம் கொடுக்கல. சட்டியைக் கழுவுன்னுதான் சொல்றாங்க."

ஓமெரோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். சிரித்தால் அம்மா ஜெயித்துவிடுவாள்.

"சரி, யாரு சொல்லிக்கொடுக்கறது?"

"டாக்டர் வில்கின்ஸ்னு ஒரு அம்மா."

"வெள்ளைக்காரியா?" பெலியா கட்டையை நிறுத்திவிட்டு மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "அடடா! நம்ம வீட்டு பீன்ஸை நமக்கே பரிமாற அடுத்த வீட்டுக்காரி வர்றாளாக்கும்!"

"நீ ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்திருந்தா நான் ஏன் அவங்ககிட்ட போறேன்? வகுப்புல ஒஹையோவிலிருந்து வந்த செம்பட்டைத் தலை வெள்ளைக்காரன் ஒருத்தன் தண்ணி பட்ட பாடா பேசறான். நான் வாயைப் பிளந்துகிட்டு உட்கார்ந்திருக்கேன். என் பேரு ஓமெரோ கன்டூ, அசல் ஸ்பானிஷ் பேரு. மானம் போகுது."

"இங்கிலீஷ்லயே கனவு காணட்டும்னுதான் உன்னை வளர்த்தேன். அதனாலதான் காலேஜ் வாசப்படி மிதிச்சே. இல்லன்னா இந்நேரம் வெங்காய வயல்ல குனிஞ்சு கிடப்பே."

அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். மாவட்ட நீதிமன்ற அலுவலகத்தில் அவள் தொலைபேசியில் பேசினால், எதிர்முனையில் இருப்பவர் அவளை வெள்ளைக்காரி என்றே நினைத்துக்கொள்வார்.

ஓமெரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அந்த வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதணும். நீ படிச்ச பழைய பள்ளிக்கூடத்தைப் பத்தித்தான் எழுதறேன். அங்க ஸ்பானிஷ் பேசினா அடியாமே? நேத்து ரொட்டிக்கடை எர்லிண்டாவைப் பேட்டி எடுத்தேன். உன் வகுப்புத்தானே அவங்க?"

கட்டை நின்றது.

"என்ன சொன்னா?"

"எல்லாம் சொன்னாங்க. ஓட்டை போட்ட மரப்பலகையால அடிப்பாங்களாம். விளையாடும்போது வாய் தவறி ஒரு வார்த்தை வந்துட்டாக்கூட மறுநாள் காலையில மூணு அடி. வர்ற சனிக்கிழமை காலேஜ் மேடையில பேசறாங்க. 'பெலியாவையும் கூட்டிட்டு வா, அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்'னாங்க."

"அவ கூட மேடையிலயா?" பெலியாவின் குரல் கீச்சென்று உயர்ந்தது. "முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, அடி வாங்கி வீங்கின கதையைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கணுமாக்கும்! ரொட்டி வேகற வரைக்கும் அவளுக்குப் பொழுது போகல. வேலையத்தவ அவ, அதைப் பதிவு பண்ண நீ ஒரு வேலையத்தவன். முதல்ல அந்தப் படிப்புல இருந்து பேரை எடு. எடுக்கலைன்னா அடுத்த பருவத்துக் கடன் படிவத்துல என் கையெழுத்து கிடையாது."

இவ்வளவு கோபம் எதற்கு? ஓமெரோ யோசித்தான். கடையில் யாராவது ஸ்பானிஷில் பேச்சுக் கொடுத்தால் அம்மா இங்கிலீஷிலேயே பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். எர்லிண்டாவின் ரொட்டிக்கடை பக்கத்துத் தெருவில்தான். ஆனால் அம்மா ஊரின் மறுகோடிக்குக் காரில் போய் ரொட்டி வாங்கி வருவாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தான். விஷயம் பிடிபட்டுவிட்டது. டாக்டர் வில்கின்ஸ் வகுப்பில் சொன்னதும் இதைத்தானே!

"உன்னை அடிச்சு அடிச்சே மாத்திட்டாங்கம்மா," என்றான். "அந்தப் பயம்தான் இன்னும் உன்னை விட்டுப் போகல. அதனாலதான் எனக்கும் சொல்லித்தரல. இதுல நீ வெட்கப்பட என்ன இருக்கு? அடிச்சவங்கதான் வெட்கப்படணும்."

"பெரிய மேதை! அரைப் பருவம் படிச்சதும் அம்மாவையே அக்குவேறு ஆணிவேறா பிரிக்கிறான்!"

ஆனால் அந்த ஏளனத்தில் பழைய காரம் இல்லை. மாவு ஒட்டிய அவள் கையை ஓமெரோ பிடித்துக்கொண்டான்.

"எர்லிண்டாவுக்குத் தான் வாங்கின அடிக்குக் கணக்கே தெரியலையாம். நீ எத்தனை அடிம்மா வாங்கினே? மேடையில வேணாம். என்கிட்ட மட்டும் சொல்லு. மனசு லேசாகும்."

பெலியா மெல்லக் கையை உருவிக்கொண்டாள்.

"ஒண்ணுகூட இல்ல," என்றாள். "முந்தின நாள் யார் யார் ஸ்பானிஷ் பேசினாங்கன்னு தினமும் காலையில டீச்சர்கிட்ட பேர் எழுதிக் கொடுத்ததே நான்தான்டா."