கை நனைத்த சம்பந்தி

"ஏங்க, மாப்பிள்ள வீடு பாக்க வர்ற அன்னைக்கு எவனாச்சும் கூரையில்லாத வீட்டுல நிப்பானா?"

பரிமளம் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் புருஷன் தங்கையா அண்ணாந்து பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் இடியோடு வந்த பேய்க்காற்று, கூரைத் தகரத்தையெல்லாம் உருவிக்கொண்டு போய்க் களனி கங்கையில் போட்டுவிட்டது. யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் மற்றதெல்லாம் ஓட்டு வீடு, ஒன்றுக்கும் சேதமில்லை. பொல்லாத காற்று!

கூரை போனால் போகட்டும். மகன் சுந்தரலிங்கத்துக்கு முன்மண்டை வழுக்கை ஏறத் தொடங்கியிருந்தது. வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போய், இந்த ருவான்வெல்லைப் பெண்தான் கூடிவரும் போலிருந்தது. இதுவும் போனால் பையன் சன்னியாசிதான்.

"நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கிறேன்" என்றார் தங்கையா.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்ணின் தகப்பனார் இராமையாவும் அவர் மனைவியும், உள்ளே நுழைந்ததுமே மேலே பார்த்தார்கள்.

"என்னங்க இது, வானம் தெரியுது?"

"ஓடு போடப் போறோங்க. கல்யாண வீட்டுக்குத் தகரம் நல்லாவா இருக்கும்? நேத்தே ஆள் விட்டுக் கழட்டிப்புட்டேன்."

"நேத்தா? இடியும் மழையுமா இருந்திருக்குமே!"

"அதுக்கு முந்தியே கழட்டியாச்சு." தங்கையாவுக்கு வேர்த்தது. "உங்க பக்கம் காத்து எப்பிடி?"

"காத்தா? சும்மா வீசிட்டுப் போச்சுங்க" என்றார் இராமையா அவசரமாக.

பரிமளம் மரியாதைக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். கூப்பிடுவது முறை, மறுப்பதும் முறை. பேச்சு முடிவாகாமல் யாரும் சம்பந்தம் பேசும் வீட்டில் கை நனைப்பதில்லை. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். ஒரு வாய் தேத்தண்ணிக்கே பிகு பண்ணுவார்கள்.

"போடுங்கம்மா" என்று இராமையா சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவியும் மறுபேச்சில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோற்றுப் பானை காலியானது. பலாக்காய்க் கறிச் சட்டியை வழித்துப் போட வேண்டியதாயிற்று.

தங்கையாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பரிமளத்தை அடுப்படிக்குள் இழுத்தார்.

"பாத்தியாடி, கை நனைச்சுட்டாங்க! ஓடுன்னதும் ஆள் விழுந்துட்டாரு. வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க!"

"ஐயோ, மெதுவாப் பேசுங்க. காதுல விழப்போவுது."

கை கழுவிவிட்டு வந்த இராமையா கொஞ்சம் தயங்கினார்.

"சம்பந்தி, ஒன்னு கேட்டாத் தப்பா நெனைக்கக் கூடாது."

சம்பந்தி! தங்கையாவுக்குக் காது குளிர்ந்தது.

"என்ன வேணுமோ கேளுங்க. நம்ம வீட்டுல இருக்கிறதெல்லாம் இனி உங்களுதுதான்."

"நேத்துக் காத்துல எங்க வீட்டுக் கூரை முச்சூடும் பறந்து போச்சுங்க. அடுப்பும் நனைஞ்சு ராத்திரியிலருந்து பட்டினி, அதான் முறையப் பாக்காமச் சாப்புட்டுட்டோம். நீங்கதான் ஓடு போடப் போறீங்களே... லொறிக்குச் சொல்லிட்டு வர்றேன், கழட்டின தகரத்த எங்க அடுக்கி வெச்சிருக்கீங்க?"