சாட்சிக் காசு

அமெரிக்கக் கடலோரப் பழங்குடிகளான எங்கள் மக்களிடம் ஒருமுறை சொன்ன சொல் மலைபோல நிற்கும். மழை கரைக்காது, கடல் அரிக்காது.

அப்படி நிற்பதற்குத் தலைக்கு ஒரு டாலர் செலவாகும்.

முக்கியமான காரியம் என்றால் நான்கு பேரைச் சாட்சிக்கு அழைப்போம். தோளில் கம்பளி போர்த்தி, உள்ளங்கையில் இரண்டு அரை டாலர் நாணயங்களை வைப்போம். வாங்கியவர் அன்று கேட்டதையெல்லாம் சாகும்வரை மனசில் வைத்திருந்து, யார் கேட்டாலும் சொல்ல வேண்டும். மறந்துபோச்சு என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது.

அன்று எங்கள் இனம் நடத்தும் சூதாட்ட மன்றமான கேசினோவின் விருந்துக் கூடத்தில், எங்களைச் சுற்றியுள்ள கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், நிர்வாகத்தோடு ஒப்பந்தம். கம்பளி போர்த்துகிற வேலை எனக்கு.

கேசினோவை இரண்டு மடங்காக்கி, பக்கத்தில் பன்னிரண்டு மாடி விடுதி கட்டுகிறோம். கவுண்டியின் போலீசுக்கும் தீயணைப்புக்கும் ஆண்டுதோறும் நாங்கள் பங்கு தருவோம். பதிலுக்கு, நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் வாசல்வரை ரோட்டை அவர்கள் அகலப்படுத்துவார்கள்.

எப்போது என்பதுதான் ஒப்பந்தத்தில் இல்லை. ‘உரிய காலத்தில்’ என்று இருந்தது.

கவுண்டி ஆணையர் லிண்ட்குவிஸ்ட் இதே ரோட்டை இதற்கு முன் இரண்டு தடவை வாயாலேயே போட்டிருக்கிறார். இரண்டு தடவையும், பிறகு போய்க் கேட்டபோது, அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லையே என்று தலையைச் சொறிந்தார். ரோடு இல்லாமல் விடுதியைத் திறந்தால் வருகிறவர்கள் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். எங்கள் தலைவி டெல்ஃபின் அக்கா அடுத்த தேர்தலில் வீட்டுக்குத் திரும்புவாள்.

ஆகவே அக்கா வழக்கத்தைக் கொஞ்சம் வளைத்தாள். வாக்குக் கொடுக்கிறவரையே சாட்சியாக்குவது எங்களில் இல்லை. ஆனாலும் நாலாவது சாட்சியாக லிண்ட்குவிஸ்டைக் கூப்பிடச் சொல்லிவிட்டாள்.

சடங்கை நடத்திய வென்டெல் மாமா காசை நீட்டினார். கவுண்டி வழக்கறிஞர் பாய்ந்து வந்து ஆணையரின் காதைக் கடித்தார். பதவியில் இருப்பவர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாதாம்.

காசைத் திருப்பிக் கொடுத்தால், ‘நான் எதையும் கேட்கவில்லை’ என்று பொருள்.

லிண்ட்குவிஸ்ட் கொஞ்சம் யோசித்தார். பிறகு பர்ஸைத் திறந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து நீட்டினார்.

“சில்லறை மாத்துனதா இருக்கட்டும், வென்டெல்.”

மாமா நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “நல்ல நோட்டுதான். எங்க இடத்துக்கு வந்து கொண்டாந்த காசு குறையாமப் போற முத ஆளு நீங்கதான்.”

கூடமே சிரித்தது. வழக்கறிஞரும் சிரித்தார், சட்டத்துக்கு உட்பட்டு.

கையில் காசோடு லிண்ட்குவிஸ்ட் மைக்கைப் பிடித்தார். மைக்கைக் கண்டால் தாராளமாகிவிடுகிற மனிதர். வருகிற இலையுதிர் காலத்துக்குள் ரோடு முடியும் என்று ஆண்டோடு சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எழுதிக்கொண்டு வந்த உரையை மடித்து வைத்துவிட்டு, மனசிலிருந்து பேசுகிறேன் என்று வெகுநேரம் பேசினாள்.

பிறகு சால்மன், கிளிஞ்சல் சூப், பொரித்த ரொட்டி. சாப்பிட்டு முடித்ததும் சாட்சிகள் எழுந்து கேட்டதைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று பேரும் ரோட்டைச் சொல்லி உட்கார்ந்தார்கள்.

லிண்ட்குவிஸ்ட் முழங்கால்வரை தொங்கிய கம்பளியோடு எழுந்தார். போலீஸ், தீயணைப்பு, ரோடு, ஆண்டு. ஒன்றையும் விடவில்லை. அக்கா என் முழங்கையை ஆனந்தமாகக் கிள்ளினாள்.

அவர் உட்காரவில்லை.

“அப்புறம் தலைவி நெஞ்சுல கை வச்சு ஒண்ணு சொன்னாங்க. புது விடுதி நீச்சல் குளத்துல எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வருஷம் பூரா காசில்லாம நீந்தலாம்னு. மத்தவங்க அதை விட்டுட்டாங்க.”

விட்டுவிட்ட மூன்று பேரும் வெட்கத்தோடு தலையாட்டி ஒப்புக்கொண்டார்கள். விருந்துக்கு வந்திருந்த கவுண்டியின் ஆசிரியைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். அக்கா தட்டிக்கொண்டே, சிரிப்பு கலையாமல், என் பக்கம் சாய்ந்தாள்.

“நானாடா சொன்னேன்?”

“ஆமாக்கா. ரெண்டு தடவ.”

நல்ல நாள். எல்லோருக்கும் திருப்தி. ரோடு வந்துவிடும், அதில் சந்தேகமில்லை.

செலவு கூடுகிறதென்று போன மாதம் அக்காவே அடித்துவிட்டதால், விடுதியின் வரைபடத்தில் நீச்சல் குளம் இல்லை.