எழுநூற்று எண்பத்தைந்து படி

“ஏற மாட்டோம்.”

செல்போனில் அப்படி எழுதி, எங்கள் கைடு சிஸூரு முகத்துக்கு நேரே நீட்டினார் மொரிகாவா.

கொம்பிரா கோயில் அடிவாரம். மேலே எழுநூற்று எண்பத்தைந்து படி. ஒசாகாவிலிருந்து வந்தவர்கள், மொரிகாவாவையும் சேர்த்து ஆறு பேர். யாருக்கும் காது கேட்காது.

அவர்களுக்காகவே எங்கள் கம்பெனி புதுசாகக் கண்ணாடி வாங்கியிருந்தது. சிஸூரு காலர் மைக்கில் பேசினால் போதும், பேச்சு எழுத்தாக அதை மாட்டியவர்கள் கண்ணெதிரே ஓடும். கோயிலின் அந்தக் காலத்துத் தோற்றமும் எழும்பி நிற்கும்.

“இதுக்காகத்தானே ரெண்டு மாசமா மெயில் மேல மெயில் போட்டீங்க?” என்றாள் சிஸூரு.

ஆறு பேரும் சொல்லிவைத்தாற்போல் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் மராத்தான் ஓடி வாங்கிய பனியனைப் போட்டிருந்தான்.

செல்போன் மறுபடி நீண்டது. “உடோன் நூடுல்ஸ் கடைக்குப் போகலாம். மேலே இருக்கிறதை உட்கார்ந்தபடியே காட்டுங்க.”

பஸ் ஓட்டுகிற எனக்கே எரிச்சலாக வந்தது. சிஸூருவுக்கோ போன உயிர் திரும்பியது. காலையில் எல்லாருக்கும் கண்ணாடியை மாட்டிவிட்டு, பஸ்ஸுக்குப் பின்னால் வந்து, வீங்கிய முழங்காலை என்னிடம் காட்டியிருந்தாள்.

“ஆபீஸ்ல சொல்லிடேன்” என்றேன் அப்போது.

“சொன்னா நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவாங்கண்ணே. எப்படியாவது ஏறிடறேன். நல்ல வேளை, இவங்களுக்குக் காது கேக்காது. நான் ஐயோன்னு முனகினாலும் தெரியாது.”

இப்போது உடோன் கடையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு மணி நேரம் கதை சொன்னாள். கடை நடுவில் கோயிலே வந்து நின்ற மாதிரி ஆறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். அதுதான் அவர்கள் கைத்தட்டல்.

எனக்கு மனசு ஆறவில்லை. அவள் பக்கம் குனிந்தேன்.

“சரியான சோம்பேறிங்க. சாமி மேல இருக்கு, இவங்க கிண்ணத்துக்குள்ள தேடறாங்க.”

“சும்மா இருங்கண்ணே” என்று சிரித்தாள்.

சாயங்காலம் ஒசாகாவில் இறக்கிவிட்டோம். எனக்கும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போனார்கள். மொரிகாவா மட்டும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

திருப்பிக் கொடுத்த கண்ணாடிப் பெட்டியைச் சிஸூரு திறந்தாள். வலிக்கு ஒட்டுகிற பட்டை ஒரு பாக்கெட். கூடவே ஒரு சீட்டு. உரக்கப் படித்தாள்.

“காலர் மைக்கைக் காலையிலிருந்து நீங்க அணைக்கவே இல்லை. நீங்க முனகினாலும் நாங்க படிச்சிருப்போம். முதல்ல காலைப் பார்த்துக்குங்க. படி எங்கேயும் ஓடிடாது. குணமானதும் வர்றோம். உங்களைத்தான் கைடா கேப்போம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டை என்னிடம் நீட்டினாள். “கீழே உங்களுக்கும் ஒரு வரி இருக்குண்ணே.”

“வரும்போது டிரைவரையும் மேலே கூட்டிட்டு வாங்க. சோம்பேறி யாருன்னு படியில பார்த்துக்கலாம்.”