டிரம்முக்குள் சுறா

தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. ஃப்ளோரா சட்டென்று தன் பிள்ளைகள் முன் விளையாட்டுப் படப்புத்தகத்தை விரித்துப் பகடையை உருட்டினாள்.

"ஐயோ, சுறா வுழுந்திச்சி! 'டிரம்முல தண்ணி ரொப்பலன்னா சுறா வெளிய வந்து வூட்டையே முழுங்கிடும்'னு போட்டுகீது. ஓடுங்க பசங்களா!"

பிள்ளைகள் இருவரும் அலறிச் சிரித்தபடி குடங்களோடு பறந்தார்கள். டிரம் வழிந்ததும் அவள் உள்ளே கைவிட்டு, "வாலு தட்டுப்படுது!" என்றாள். ஒரே கூச்சல்.

ஹார்பர் வேலை முடிந்து வந்த வால்டரைப் பிள்ளைகள் மொய்த்தார்கள். "டாடி, நீ கொணாந்த புக்குல ஆட்டம் நெசமாவே உயிரோட வருது!"

வால்டர் மனைவியிடம் கிசுகிசுத்தான். "கப்பல்ல வந்த கொரியாக்காரன் குடுத்த புக்குமே அது. பூரா அவன் பாஷ. நீ எப்படிமே படிச்சே?"

ஃப்ளோரா மறுபடி பகடையை உருட்டினாள்.

"உனக்குத் திமிங்கலம் வுழுந்துகீதுயா. மாடித் தொட்டிய ரொப்பணுமாம். ஓடு, லாரி கெளம்பறதுக்குள்ள!"